வீட்டுப் பெட்டியில் உறங்கும் கடிகாரம்

பழைய பைக்கடிகாரங்களைச் சேகரிப்போரைக் காணும்போதெல்லாம் நாம் கேட்கும் முதற்கேள்வி, ‘இவை எங்கே கிடைக்கின்றன?’ என்பதுதான். மும்பை என்பர் சிலர். கொல்கத்தா என்பர் சிலர். கைப்பேசித் திரையே போதும் என்பாரும் உளர். மூன்றும் மெய்யே. எனினும், கடிகாரம் எங்கே இருக்கிறது என்பதைவிட, அதன் வரலாறு எங்கே இருக்கிறது என்று தேடுவதே சிறந்தது என்பது நம் கருத்து.

2009 மார்ச் மாதம் நியூயார்க்கில் நடைபெற்ற ஏலம் இதற்குச் சான்று. காந்தியடிகள் பயன்படுத்திய செனித் பைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவை ஒரே தொகுப்பாக 18 லட்சம் டாலருக்கு விலைபோயின. அதே நிறுவனம் அக்காலத்தில் செய்த வெள்ளிக் கடிகாரங்கள் அத்தொகையோடு ஒப்பிடவே இயலாத சிறு விலைக்கு இன்றும் கிடைக்கின்றன. சக்கரங்களிலும் சுருள்வில்லிலும் பெரிய வேறுபாடு இல்லை. அது யாருடைய இடுப்பில் தொங்கியது என்பதில்தான் வேறுபாடு.

நம் நாட்டில் இக்கடிகாரங்கள் பரவியதில் ரயில் பாதைக்குப் பெரும் பங்கு உண்டு. நிலைய அதிகாரிக்கும் கார்டுக்கும் துல்லியமான நேரம் தேவைப்பட்டது. அவர்களுக்கு வழங்கப்பட்ட கடிகாரங்களின் பின்மூடியில் ஜி.ஐ.பி. போன்ற ரயில்வே நிறுவனங்களின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டன. சுவிட்சர்லாந்தின் வெஸ்ட் எண்ட் நிறுவனம் ‘பம்பாய், கல்கத்தா’ என்று முகப்பிலேயே எழுதி விற்றது. கொல்கத்தாவின் குக் அண்டு கெல்வி, சென்னையின் பி. ஆர் அண்டு சன்ஸ் ஆகிய கடைகளின் பெயர் தாங்கிய கடிகாரங்களும் உண்டு. முகப்பில் உள்ள பெயர் பெரும்பாலும் விற்றவரின் பெயரே என்பதைப் புதிதாகச் சேகரிப்போர் நினைவில் கொள்ள வேண்டும். செய்தவரை அறிய, பின்மூடியைத் திறந்து இயந்திரத் தகட்டில் உள்ள முத்திரையைக் காண வேண்டும்.

இனி, தேடும் இடங்களுக்கு வருவோம். முதலிடம் நம் வீடும் உறவினர் வீடுகளுமே. இரும்புப் பெட்டியின் அடியிலோ வங்கிப் பெட்டகத்தின் மூலையிலோ பாட்டனாரின் கடிகாரம் ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். பாகப்பிரிவினையின்போது அது வெளியே வருகிறது. ஓடவில்லை என்று கண்டவுடன் எடைக்குப் போகிறது. நகைக்கடைத் தராசு தங்கத்தை மட்டுமே அறியும். இயந்திரம் கழற்றி எறியப்படுகிறது, கூடு உருக்கப்படுகிறது. நாம் பெறுவது அன்றைய தங்கத்தின் விலை; இழப்பதை எந்த விலை கொடுத்தும் மீட்க இயலாது.

இரண்டாமிடம், கடிகாரம் பழுதுபார்ப்போரின் மேசை. சரிசெய்யக் கொடுத்தவர் திரும்பி வராமலேயே போன கடிகாரங்கள் அவர்களுடைய இழுப்பறைகளில் கிடக்கின்றன. எது யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்பதை அவர்களே அறிவர். ஆனால், இக்கலைஞர்கள் அருகி வருகின்றனர். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து 1961-இல் பெங்களூருவில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்ததை நாம் அறிவோம். இயந்திரக் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவரைத் தெரிந்துகொண்ட பின்னரே கடிகாரம் வாங்கப் புறப்பட வேண்டும்.

மூன்றாமிடம் பழம்பொருள் சந்தைகள். மும்பை சோர் பஜாரின் மட்டன் தெரு, அகமதாபாத்தில் சபர்மதிக் கரையில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கொல்கத்தா ரஸ்ஸல் தெருவில் 1940 முதல் இயங்கிவரும் ஏல நிலையம் ஆகியவை பெயர்பெற்றவை. இங்கு மகிழ்ச்சியும் உண்டு, ஏமாற்றமும் உண்டு. ஒன்றின் கூட்டில் மற்றொன்றின் இயந்திரத்தைப் பொருத்தி, முகப்பைப் புதிதாகத் தீட்டி விற்போர் உளர். பொன்னிறக் கூட்டின் உட்புறத்தில் ‘20 ஆண்டுகள்’ என்று பொறித்திருந்தால், அது முழுத் தங்கம் அன்று. மலிவான உலோகத்தின்மீது தங்கத் தகடு போர்த்தப்பட்டது என்பதற்கும், அத்தகடு அத்தனை ஆண்டுகள் தேயாது என்பதற்கும் செய்தவர் தந்த உறுதி அது. முகப்பில் ரயில் எஞ்சின் படம் இருப்பதால் மட்டும் அது ரயில்வே கடிகாரம் ஆகிவிடாது. எளிய வகைக் கடிகாரங்கள் பலவற்றிலும் விற்பனைக்காக அப்படத்தைப் பொறித்தனர்.

இணையவழி விற்பனையை நான்காவதாகவே வைக்கிறோம். படத்தில் ஒலி கேட்காது, எடை தெரியாது. இயந்திரத்தின் படமும், திருப்பி அனுப்பும் உரிமையும் இல்லாத இடத்தில் முன்பணம் செலுத்தலாகாது. நம்மிடம் உள்ளதை விற்க முனையும்போதும் கவனம் தேவை. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணை உள்ளிட வேண்டியதே இல்லை. உள்ளிடச் சொல்பவர் வாங்க வந்தவர் அல்லர்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உள்ளது. மேலும், 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனையில் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது. வங்கி வழியே பணம் செலுத்தி ரசீது பெறுவது சட்டத்துக்கு மட்டும் அன்று, கடிகாரத்துக்கும் நன்மை. அந்த ரசீதே அதன் வரலாற்றில் ஓர் ஏடாகிறது.

‘இது நல்ல முதலீடா?’ என்று வினவுவோர்க்கு நம் விடை, ‘அன்று’ என்பதே. பைக்கடிகாரத்துக்கு வட்டி இல்லை; அன்றாடச் சந்தை விலை இல்லை; அவசரத்துக்கு விற்க முனைந்தால் பாதி விலையும் கிட்டாமற் போகலாம். குடும்பத்தின் பாதுகாப்புக்கு உரிய பணத்தை ஒதுக்கி வைத்தபின் எஞ்சியதில் ஒரு பகுதியை மட்டுமே இதில் செலவிட வேண்டும். சேகரிப்பு மகிழ்ச்சிக்கானது, சேமிப்பு வாழ்க்கைக்கானது.

பெட்டகத்தில் வைப்போர் இரண்டைக் கருத்தில் கொள்க. பெட்டகத்தில் உள்ள பொருள்களுக்கு வங்கி காப்பீடு செய்வதில்லை. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரையே வங்கியின் பொறுப்பு. அடுத்து, பல ஆண்டுகள் உறங்கிய கடிகாரத்துக்கு உடனே சாவி கொடுத்துவிட வேண்டாம். உள்ளே எண்ணெய் வறண்டு இறுகியிருக்கும். துடைத்து எண்ணெயிடாமல் ஓட்டினால் உறுப்புகள் தேயும்.

எல்லார் வீட்டிலும் பாட்டனாரின் கடிகாரம் இருப்பதில்லை என்பது உண்மையே. விலைக்கு வாங்குவோரும் விற்பவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: இது யாருடையது? எவ்வாறு இங்கு வந்தது? கிடைத்த விடையை நாளும் விலையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, கடிகாரத்தோடு வைத்துவிட வேண்டும். வீட்டுக் கடிகாரம் உடையோர் இன்றே அதை எடுத்து, அதை அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிக் கேட்டு எழுதலாம். நின்றுபோன கடிகாரத்தைப் பத்தாண்டுகள் கழித்தும் ஓடவைக்கலாம். அதன் கதையை அறிந்தவர் அதுவரை இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.