படிவமும் உரிமையும்

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வழிவந்தோரை லத்தீனோ மக்கள் என்பர். அரசின் உதவிகள் இவர்களைச் சென்றடையாமைக்கு இவர்களின் அறியாமையே காரணம் என்று கூறுவோர் உளர். ஸ்பானிய மொழியில் துண்டுப் பிரசுரம் வழங்கினால் குறை தீரும் என்பது அவர்கள் கண்ட மருந்து. நோயை ஆராயாது கண்ட மருந்து என்றே நாம் அதனைக் கருதுகிறோம்.

1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்பளித்தது. வயலில் உழைப்போரையோ விலக்கி வைத்தது. 1938இல் குறைந்தபட்சக் கூலி விதிக்கப்பட்டபோதும் அவர்கள் விலக்கப்பட்டனர். சட்டமே மறுத்த உரிமையை எந்தப் பிரசுரம் வழங்கும்?

அறியாமை எனப்படுவது பல வேளைகளில் அச்சமே. 1994இல் கலிபோர்னிய வாக்காளர் ஏற்றுக்கொண்ட 187ஆம் பிரேரணை, ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கதவை அடைக்க முயன்றது. ஐயத்துக்குரியோரைக் காட்டிக்கொடுக்குமாறு அரச ஊழியரையும் பணித்தது. நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஆயினும் 2019இல் மத்திய அரசு வகுத்த விதி, உணவு உதவியும் வீட்டு உதவியும் பெற்றமையை நிரந்தர வதிவுரிமை கோருவோருக்குப் பாதகமாகக் கணித்தது. 2021இல் அவ்விதி கைவிடப்பட்டது. உதவி கேட்பவர் தண்டிக்கப்படுவார் என்று அரசே கற்பித்த பாடத்தை மக்கள் அத்துணை எளிதில் மறப்பரோ?

இனி, மற்றொரு சாரார். படிவம் நிரப்பிக் கொடுப்பது வெறும் சீர்திருத்தவாதம் என்று ஏளனம் செய்யும் தீவிர நண்பர்கள் இவர்கள். இவர்களுக்கும் வரலாறே விடை பகரும். எட்வர்ட் ரொய்பால் 1947இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரசபைத் தேர்தலில் தோல்வியுற்றார். அத்தோல்வியின் பின் தோன்றிய சமூக சேவை அமைப்பு, வீடுகளிற் கூட்டங்கள் நடத்தி, மெக்சிக்க வழிவந்தோரை வாக்காளராகப் பதிவு செய்தது. 1949இல் ரொய்பால் வென்றார். அவ்வமைப்பின் டொலோரஸ் ஹுவேர்ட்டா முதலானோர் சட்டமன்றத்தில் வாதாடியதன் பயனாக, 1961இல் குடியுரிமை பெறாத முதியோருக்கும் கலிபோர்னியாவில் ஓய்வூதியம் கிட்டியது. மறு ஆண்டே வயல் தொழிலாளர் சங்கமொன்றை நிறுவியோருள் ஹுவேர்ட்டாவும் ஒருவர். 1965இல் பிலிப்பினோத் தொழிலாளர் லாரி இட்லியோங் தலைமையில் டெலானோவில் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் அச்சங்கமும் இணைந்தது. 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். படிவம் நிரப்பிய கரங்களே பதாகையும் ஏந்தின.

எனவே, சேவையையும் போராட்டத்தையும் இருவேறாகப் பிரிப்போர் இரண்டுக்குமே தீங்கு செய்கின்றனர். உதவி நாடி வந்தவர் அடுத்த கூட்டத்துக்குத் தம் அயலவரையும் அழைத்து வரவேண்டும். அதற்கு வழிசெய்யாத சேவை மக்களை என்றென்றும் விண்ணப்பதாரராகவே வைத்திருக்கும். அவர்களின் பசியை அறியாத போராட்டமோ மேடையிலேயே முடிந்துபோகும்.