தோண்டுபவருக்கும் தப்பும் வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இமயமலைச் சுரங்கப்பாதைகள் பற்றிய தங்கள் கட்டுரையை முழுமனதோடு வரவேற்கிறேன். மணாலியிலிருந்து லாஹௌல் சென்றபோது, 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதையில் பயணித்தேன். குளிர்காலத்தில் ரோத்தங் கணவாய் பனியில் மூடிவிட, மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த பள்ளத்தாக்கு லாஹௌல். இப்போது போக்குவரத்து நடக்கிறது. சுரங்கப்பாதையின் சாலைத் தளத்துக்கு அடியிலேயே அவசர வெளியேறும் வழியும் உண்டு.

பயணிக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, மலையைக் குடைபவருக்கும் வேண்டாமா? 2023 நவம்பரில் உத்தராகண்ட் சில்க்யாராவில் கட்டுமானத்திலிருந்த சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் 17 நாள் சிக்கித் தவித்தபோது, தப்பிவர மாற்றுவழி இல்லை. துளையிடும் இயந்திரம் உடைந்து, கடைசியில் கையால் தோண்டியே அவர்களை மீட்டார்கள்.

உறுதியற்ற பாறைப் பகுதிகளில், ஆள் ஊர்ந்து வரக்கூடிய பெருங்குழாயைப் பதித்துக்கொண்டே முன்னேறுவதை ஒப்பந்தத்தில் கட்டாயமாக்க வேண்டும். அதைச் சரிபார்க்காமல் அடுத்த தவணைத் தொகையை அரசு விடுவிக்கக் கூடாது.

- வாசகர், திண்டுக்கல்