உறக்க ஆய்வு நிலையமும் நோயாளியின் சொல்லும்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உறக்கத்திலே கழிக்கின்றான். அறுபது ஆண்டு வாழ்ந்தவன் இருபது ஆண்டு உறங்கியவனாகின்றான். அவ்விருபது ஆண்டில் தனக்கு நேர்ந்தது யாதென அவனை வினவின், நினைவில் நின்ற சில கனவுகளையன்றி வேறொன்றும் சொல்ல அறியான். பிற நோய்களிலே நோயாளியே முதற் சாட்சி. வயிற்றுவலி உற்றவன் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவான். காய்ச்சல் உற்றவன் தன் உடற்சூட்டைத் தானே உணர்வான். உறக்கத்தில் வரும் நோய்க்கோ பக்கத்திற் படுப்பவரே சாட்சி. நோயாளி தன் நோயைப் பிறர் சொல்லக் கேட்டே அறிகின்றான். இதனாலேயே உறக்க ஆய்வு நிலையங்கள் வேண்டியனவாயின. அந்நிலையங்களிலே நோயாளியின் சொல் எளிதிற் புறக்கணிக்கப்படுவதற்கும் இதுவே காரணம் என்பது எமது கருத்து. அதனை இங்கு ஆராய்வோம்.

குறட்டையை எம்மவர் நகைப்புக்குரிய பொருளாகவே கொண்டுள்ளனர். விடுதிச்சாலையில் வாழ்ந்த பழைய மாணவர், குறட்டை விடும் தோழனுக்குச் சூட்டிய பட்டப்பெயரை இன்றும் மறந்திரார். கும்பகருணனைத் துயிலெழுப்பிய கதை எமக்கெல்லாம் சிறுவயதிலேயே சிரிப்பூட்டியது. ஆங்கில இலக்கியம் பயின்றோர், சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1836ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய பிக்விக் கதையில் வரும் ஜோ என்னும் பருத்த பையனை அறிவர். ஏவிய வேலைக்கு நடுவிலும் உறங்கிக் குறட்டை விடும் அவனை எண்ணித் தலைமுறை தலைமுறையாக மாணவர் சிரித்துள்ளனர். ஆயின் 1956ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சிலர், உடற்பருமனும் பகலுறக்கமும் மூச்சுக்குறையும் ஒருங்கே அமைந்த நோய்நிலை ஒன்றுக்கு அக்கதையின் பெயரையே இட்டு எழுதினர். கதாசிரியர் வேடிக்கையாகத் தீட்டிய சித்திரத்தில் வைத்தியர் நோயைக் கண்டனர்.

உறக்க மூச்சுத்தடை எனப்படும் நோயின் இயல்பு இதுவாகும். உறக்கத்திலே தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவ்வேளை மூச்சுவழி முற்றாகவோ பகுதியாகவோ அடைபடுகின்றது. மார்பும் வயிறும் மூச்சுக்காக உழைத்தும் காற்று உட்செல்வதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகின்றது. மூளை கணப்பொழுது விழித்துத் தொண்டையைத் திறக்கின்றது, பெருங்குறட்டையுடன் மூச்சு மீள்கின்றது, உறக்கம் தொடர்கின்றது. பத்து விநாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் இத்தடை, நோய் கடுமையானவருக்கு மணிக்கு முப்பது தடவைக்கு மேலும் நிகழும். இவ்வாறு இரவெல்லாம் மூச்சுக்குப் போராடியவர் காலையில் எழுந்து, "நன்றாகவே உறங்கினேன், ஆயினும் களைப்புத் தீரவில்லை" என்பார். அக்களைப்போடு மோட்டார் வண்டி ஓட்டுவார். அலுவலக மேசையிலே கண்ணயர்வார். காரணமின்றி மனைவி மக்களைச் சினந்துகொள்வார். உயர் இரத்த அழுத்தத்தோடும் இந்நோய்க்குத் தொடர்புண்டு.

இந்நோய் அரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே, 30 முதல் 60 வயது வரையான ஊழியரிடையே நடத்தப்பெற்று 1993ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, ஆண்களில் நூற்றுக்கு 24 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 9 பேருக்கும் மணிக்கு ஐந்து தடவையேனும் மூச்சுத் தடைப்பட்டது எனக் கண்டது. பெண்கள் தம் குறட்டையைச் சொல்ல நாணுவதால் அவர்தம் நோய் மறைந்தே கிடப்பதும் உண்டு.

உறக்கத்தை ஆராயும் துறை மிகப் பழையதன்று. 1953ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைற்மன் என்னும் இருவர், உறங்குவோர் கண்கள் இமைக்குள்ளே விரைந்தசையும் நிலை ஒன்றுண்டு என்பதையும், அந்நிலையில் எழுப்பப்பட்டோர் கனவு கண்டதாகக் கூறுவர் என்பதையும் வெளியிட்டனர். நனவு, கனவு, உறக்கம் என நிலைகளை வகுத்தறிந்த எம் முன்னோர் வழியில் வந்தோர்க்கு இச்செய்தி வியப்பன்று, மகிழ்ச்சியே. 1965ஆம் ஆண்டில் பிரான்சிலும் ஜேர்மனியிலும் வைத்தியர் உறக்க மூச்சுத்தடையைப் பதிவு செய்து விளக்கினர். 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் டிமென்ற் என்பார் உறக்க நோய்க்கெனத் தனி நிலையம் அமைத்தார். இன்று இத்தகைய நிலையங்கள் உலகின் பல நகரங்களில் உள்ளன.

அங்கே ஓர் இரவைக் கழிப்பவர் படும் பாடு யாது? மாலையில் நோயாளி தன் இரவு உடையுடன் வந்து சேர்கின்றார். அறை சாதாரணப் படுக்கையறை போலவே தோன்றும். தொழினுட்பவியலாளர் தலையை அளந்து, பசை தடவி, மின்வாய்களை ஒவ்வொன்றாக ஒட்டுகின்றார். கண்ணோரத்தில் சில, மோவாயில் சில, மார்பில் சில, கால்களில் சில. மார்பையும் வயிற்றையும் சுற்றிப் பட்டிகள். மூக்கிலே சிறு குழாய். விரல் நுனியில் ஒட்சிசன் அளக்கும் கருவி. சுவரிலே இருளிலும் காணவல்ல ஒளிப்படக் கருவி. பின்னர் அடுத்த அறையிலிருந்து குரல் வரும்: "கண்ணை மூடுங்கள், இடப்புறம் பாருங்கள், வலப்புறம் பாருங்கள், பல்லைக் கடியுங்கள், காலை அசையுங்கள்." கருவிகள் செவ்வனே இயங்குகின்றன என்று கண்டபின், "இனி உறங்குங்கள்" என்பர். "இத்தனை கம்பிகளோடு யார்தான் உறங்குவர்?" என்பதே நோயாளிகள் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. இயற்கைக் கடன் கழிக்க எழவேண்டுமாயின் ஒருவரை அழைத்துக் கம்பிகளைக் கழற்றுவிக்க வேண்டும். தன்னை ஒருவர் இரவெல்லாம் பார்த்திருக்கின்றார் என்னும் கூச்சம் வேறு. மானத்தோடு வாழ்ந்து பழகிய முதியவர்க்கு இது சிறு துன்பமன்று.

இத்துன்பம் வெறுங் கற்பனையுமன்று. ஆய்வுகூடத்தின் முதலிரவிலே உறக்கம் குறைந்தும் சிதறியும் அமைவதை 1966ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். 2016ஆம் ஆண்டில் பிரவுண் பல்கலைக்கழகத்தார், புதிய இடத்தின் முதலிரவில் மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைப் போல ஆழ்ந்து உறங்காது காவலிருக்கின்றது என்று கண்டனர். எனினும் பெரும்பாலோர் நோயை அறியப் போதுமான அளவு உறங்கிவிடுகின்றனர். இவ்வுண்மையை முன்னரே அன்போடு எடுத்துச் சொன்னால் நோயாளியின் அச்சத்திற் பாதி நீங்கும். சொல்லாது விட்டால், "உறக்கமே வரவில்லை, பரிசோதனை பழுதாயிற்று" என்ற கவலையோடு அவர் வீடு திரும்புவார்.

காலையிலே இருவகை நோயாளர் எழுகின்றனர். ஒருவர், "விடியும்வரை கண் மூடவில்லை" என்கின்றார். பதிவோ அவர் பல மணி நேரம் உறங்கினார் என்கின்றது. மற்றவர், "கட்டை போற் கிடந்தேன்" என்கின்றார். பதிவோ அவர் நூற்றுக்கணக்கான தடவை விழித்தார் என்கின்றது. இரண்டிடத்தும் நோயாளியின் சொல்லும் இயந்திரத்தின் பதிவும் மாறுபடுகின்றன. இதனைக் கண்டு, "நோயாளி சொல்வதைக் கேட்டு ஆவதென்ன? தாளைப் பார்த்தாற் போதுமே" என்று எண்ணுவோர் உளர். அவர் கூற்றில் ஓரளவு நியாயமும் உண்டு. இரவின் நிகழ்ச்சிகளை எண்ணுவதற்கு இயந்திரமே தக்கது. ஆயினும் உறங்கியும் உறங்காதவராகத் தம்மை உணரும் அம்முதல்வரின் துன்பம் பொய்யன்று. அதுவும் ஒரு நோய்க்குறியே. "நீர் உறங்கினீர், போம்" என்று அவரை அனுப்பிவிடுதல் வைத்தியமாகாது.

மேலும், இயந்திரத்தின் எண் அத்துணை உறுதியானதுமன்று. மணிக்கு ஐந்துக்கு மேல் மென்மை, பதினைந்துக்கு மேல் நடுத்தரம், முப்பதுக்கு மேல் கடுமை என வகுத்துள்ளனர். ஆனால் பகுதித் தடையை எண்ணும் விதியோ ஒன்றன்று. ஒட்சிசன் நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்தாலே எண்ணுவோம் என்பர் ஒரு சாரார். மூன்று பங்கு குறைந்தாலோ மூளை விழித்தாலோ எண்ணுவோம் என்பர் மற்றொரு சாரார். ஆகவே ஒருவரின் ஒரே இரவுக்கு ஈரெண்கள் கிடைத்தல் கூடும். நோயாளியின் பகற்பொழுது எவ்வாறு கழிகின்றது என்பதை அறிய அவரைக் கேட்பதே நேர்வழி. மெல்பேணிலுள்ள எப்வேர்த் வைத்தியசாலையின் பெயரால் மறே ஜோன்ஸ் என்னும் வைத்தியர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட வினாத்தாளில் உள்ளவை எட்டே கேள்விகள். வாசிக்கையிற் கண்ணயர்வீரா, உரையாடுகையிற் கண்ணயர்வீரா என்பன போன்ற அவ்வெளிய கேள்விகள் இன்றும் வைத்தியர்க்குத் துணைபுரிகின்றன.

நோயறிந்தபின் வரும் சோதனை இன்னும் பெரிது. ஒரு காலத்திலே கடுமையான மூச்சுத்தடைக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே மருந்தாயிருந்தது. 1981ஆம் ஆண்டில் சிட்னியைச் சேர்ந்த கொலின் சலிவனும் அவர்தம் துணைவரும், மூக்கின் வழியே இடையறாது காற்றழுத்தம் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்பதை ஐந்து நோயாளரிற் காட்டினர். எம்மவர் பலர் குடியேறி வாழும் அந்நகரிலே பிறந்த இம்முறை, உலகெங்கும் எண்ணற்றோர்க்கு நல்லுறக்கம் அளித்துள்ளது. கத்தியின்றி, குருதியின்றிக் கிடைத்த இவ்வரத்தைப் பலர் ஏன் சில வாரத்திற் கைவிடுகின்றனர்? முகமூடி மூக்குத்தண்டைப் புண்ணாக்குகின்றது, வாய் உலர்கின்றது, மூச்சு முட்டுமோ என்ற அச்சம் எழுகின்றது, காற்றுக் கசியும் ஓசையால் துணைவிக்கு உறக்கமில்லை. ஐக்கிய அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்புறுதி, முதல் மூன்று மாதத்துள் தொடர்ச்சியான 30 நாளில், நூற்றுக்கு 70 இரவுகளிலேனும் நான்கு மணி நேரம் அணியவேண்டும் என்று விதித்துள்ளது. அணிந்த நேரத்தைக் கருவியே கணக்கிட்டுக் கூறிவிடுகின்றது. ஆயின் அணியாத காரணத்தை அக்கருவி கூறாது. அதனை நோயாளியின் வாயாலேயே கேட்டறிதல் வேண்டும்.

2016ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு ஒன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். ஏழு நாடுகளில், இருதய நோயோ மூளையின் இரத்தக்குழாய் நோயோ ஏற்கெனவே உற்ற 2717 பேரிடையே அது நடந்தது. காற்றழுத்தக் கருவி அவர்க்கு மீண்டும் மாரடைப்போ பக்கவாதமோ வருவதைக் குறைத்ததாகக் காணப்படவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே அதனை அணிந்தனர். எனினும் பகலுறக்கம் குறைந்தது, மனநிலை தெளிந்தது, வாழ்க்கை இனிதாயிற்று. இந்நன்மைகள் நோயாளரின் சொல்லாலே அறியப்பட்டவை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

ஆதலின் உறக்க ஆய்வு நிலையங்களை நடத்துவோர்க்கு நாம் மூன்று கூறுவோம். பரிசோதனைக்கு முன்னர், நடக்கவிருப்பதை நோயாளிக்கு அவர்தம் மொழியில் விளக்குக. பரிசோதனைக்குப் பின்னர், முடிவைத் தாளில் மட்டும் அனுப்பாது, நோயாளியையும் அவர்தம் துணையையும் ஒருங்கிருத்திச் சொல்லுக. கருவியைக் கொடுத்த முதல் இரண்டு மூன்று வாரத்துள், கேட்காமலே அழைத்து, குறையென்ன என்று வினவுக. பெரும்பணம் வேண்டாத இம்மூன்றும் இல்லாவிடின், விலையுயர்ந்த கருவி கட்டிலுக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும்.

இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பலர் நடுவயதைக் கடந்தவர். அவர்க்கும் சில சொல்வோம். வீட்டார் உமது குறட்டையையும் மூச்சு நிற்பதையும் சொல்லுவாராயின் சினவாதீர். அவரே உமது சாட்சி. வைத்தியரிடம் அவரையும் அழைத்துச் செல்லுக. இரண்டு வாரம் உறங்கிய நேரத்தையும் விழித்த நேரத்தையும் குறித்து வைக்குக. பரிசோதனை நாளிலே தலைக்கு எண்ணெய் வையாதீர், மின்வாய்கள் ஒட்டா. பகலுறக்கத்தையும் பிற்பகற் கோப்பியையும் தவிர்க்குக. முகமூடி வருத்தினால் மௌனமாகக் கழற்றி வைக்காது, வாய்விட்டுச் சொல்லி வேறொன்று கேட்குக. இன்று கல்லூரியிற் பயிலும் மாணவருள்ளே நாளை வைத்தியராவோர் சிலர் இருப்பர். உறங்கிக் கிடந்தவனுக்கு என்ன தெரியும் என்று எண்ணாது, அவன் விழித்திருக்கும் பகலைப் பற்றி அவனையே கேட்டறியும் பண்பு அவர்க்கு வாய்க்கவேண்டும் என்பதே எமது அவா.