எம்.ஆர்.ஐ. நார்மல் என்றால் ஒன்றுமில்லை என்றாகாது

"எம்.ஆர்.ஐ. நார்மல். தலையில் ஒன்றுமில்லை, மனசைத் திடப்படுத்திக்கொள்ளம்மா." ரத்தம் எளிதில் உறையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் உள்ள பெண்கள் பலர், நோயின் பெயரை அறியுமுன் இதைத்தான் கேட்டிருப்பார்கள். லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983-ல் இந்த நோயை விவரித்தார். அந்தப் பதில் மட்டும் இன்னும் மாறவில்லை.

முதல் தவறு, மூளையின் வடிவத்தையும் வேலையையும் ஒன்றாக நினைப்பது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் பாய்கிறது. அது 20-க்குக் கீழே இறங்கினால் நரம்பணுவின் மின்வேலை நின்றுபோகும். ஆனால் அணு சட்டென்று சாவது 10-க்கும் கீழே போனால்தான். இடையில் சிறிது நேரம் தவித்து, ரத்தம் திரும்பியதும் எழுந்துகொண்ட அணு தழும்பு எதையும் விட்டுவைக்காது. பால் பொங்கி வழிய, அடுப்பை அணைக்கத் தோன்றாமல் ஒரு பெண் திகைத்து நிற்கலாம். மறுநாள் எடுக்கும் படம் சுத்தமாக இருக்கும்.

"ரத்தக்குழாய் அடைத்திருந்தால் தடயம் தெரியாதா?" என்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சேதத்தை வழக்கமான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தவறவிடும்.

ரத்த ஓட்டத்தையே பார்க்க ஸ்பெக்ட் ஸ்கேன் உண்டு. ஊசி குத்தும் வலிகூட மூளையைக் கிளறும் என்பதால், முன்னதாகவே கையில் ஊசிக்குழாயைப் பொருத்தி, மங்கலான அறையில் அமைதியாகப் படுக்கவைப்பார்கள். பிறகே கதிரியக்க டெக்னீசியம் கலந்த மருந்து ஏறும். ஓரிரு நிமிடத்தில் அது ரத்தம் பாயும் அளவுக்கேற்ப மூளையில் படிந்து அங்கேயே தங்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் படமெடுத்தாலும் தெரிவது ஊசி போட்ட அந்த நேரத்து ஓட்டம்தான். எனக்கு இது இன்றும் வியப்பு.

அதற்காக, ஸ்பெக்ட் படத்தில் நிறம் மங்கியதும் "உறைவு நோய்தான்" என்று மாத்திரை எழுதுவதையும் ஏற்க முடியாது. மனச்சோர்விலும் ஒற்றைத் தலைவலியிலும்கூட ஓட்டம் குறையும். நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை வேண்டும்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பொருள். 12 வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் மூளையிலேயே ரத்தம் கசியக்கூடும்.

"சின்ன வயசு, டென்ஷன்தான்" என்பது கடைசி வாதம். இந்த நோயின் தடயம் தேடி, கரு கலைந்ததுண்டா, காலில் ரத்தக்கட்டு வந்ததுண்டா என்று கேட்காமல் அதைச் சொல்லக் கூடாது. தொடையில் வலைபோல் ஊதா நிறக் கோடுகள் ஓடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நம் தோல் நிறத்தில் அது எளிதில் கண்ணுக்குப் படாது. ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.