புது ஐபேடில் என்ன இல்லை? ஆம்பூர் டிசைனர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மாணவருக்கு ‘சூப்பர்’ என்று சொல்லப்படும் டேப், ஷூ டிசைனருக்கும் சரிப்படுமா? ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் வட்டாரத்தில் வேலை பார்க்கும் இளைஞர்கள், 2025 மார்ச்சில் வந்த ஏ16 சிப் ஐபேடுக்குக் காசு கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

என்ன கிடைக்கிறது?

அறிமுக விலை 34,900 ரூபாய். முந்தைய மாடலில் 64 ஜிபி ஸ்டோரேஜ். இதில் 128 ஜிபி. முன்பக்க கேமரா நீளவாக்கு ஓரத்தில் இருப்பதால், படுக்கவாட்டில் வைத்து வெளிநாட்டு பையரிடம் வீடியோ காலில் பேசும்போது பார்வை கோணலாகத் தெரியாது.

என்ன இல்லை?

முதலில் பென்சில். 7,900 ரூபாய்க்கு விற்கும் யூஎஸ்பி-சி பென்சிலில் அழுத்தத்தை உணரும் வசதி இல்லை. லேசாக வரைந்தாலும் அழுத்தி வரைந்தாலும் ஒரே தடிமன்தான். தையல் கோட்டையும் தோல் மடிப்பையும் கையாலேயே வேறுபடுத்திக் காட்ட நினைப்பவருக்கு இது பெரிய குறை. முதல் தலைமுறை பென்சிலில் அந்த வசதி உண்டு. ஆனால் அதை இணைக்கவும் சார்ஜ் போடவும் தனி அடாப்டர் வேணும்.

அடுத்து திரை. மேல் கண்ணாடிக்கும் டிஸ்ப்ளேவுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கிறது; பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் திரை கூசும். இதில் ஒரு லாபமும் உண்டு: உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியும்.

மூன்றாவது நிறம். ஐபேட் ஏரில் உள்ள பி3 எனும் விரிந்த நிற வரம்பு இதில் கிடையாது. பளீர் சிவப்பு, ஆரஞ்சு ஷேடுகளில் வித்தியாசம் தெரியும். ஆப்பிள் இன்டெலிஜென்ஸும் இயங்காது. ஹெட்போன் ஜாக்கும் இல்லை.

ஏன் விட்டார்கள்?

மறதியால் அல்ல. ஏர் மாடலின் அறிமுக விலை 59,900. நடுவில் இருக்கும் 25,000 ரூபாய்க்குக் காரணம் வேண்டாமா? கீழ்ப்படியில் எதை எடுத்தால் தொழில்காரர் மேல்படிக்கு ஏறுவார் என்று கணக்குப் போட்டே எடுக்கிறார்கள். அது வியாபாரம், தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கு வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு எது?

ஆர்டர் ஷீட், சாம்பிள் போட்டோ, மெயில், வீடியோ கால் என்று ஓடும் மெர்ச்சண்டைசருக்கு இந்த மாடலே தாராளம். கையால் ஸ்கெட்ச் போடும் டிசைனர், ஐபேடும் பென்சிலும் சேர்த்து 42,800 ரூபாய் கட்டிவிட்டு ஆறே மாதத்தில் வருத்தப்படுவதைவிட, கொஞ்சம் பொறுத்து ஏர் வாங்கலாம். பாட்டர்ன் வேலை பார்ப்பவருக்கோ இரண்டும் வேண்டாம். ஷூ கேட் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸில்தான் ஓடுகின்றன, லேப்டாப்பே சரி.

ஒன்றை மட்டும் எந்த டேப்பையும் நம்பிச் செய்யாதீர்கள்: ஷேடுக்கு ஓகே சொல்வது. டிரம்மில் சாயம் ஏறிய தோலைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலையில்லை. திரையில் பார்த்து ‘சரி’ என்று அனுப்பும் ஒரு மெசேஜால் மொத்த லாட்டும் திரும்பி வரலாம். எத்தனை விலை கொடுத்து வாங்கிய திரையாக இருந்தாலும், கையில் ஸ்வாட்ச், மேலே சரியான வெளிச்சம். அதற்கு இன்னும் மாற்று வரவில்லை.