பட்டறைக்குள் ஓர் இடம்

திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் குழுமத்தின் சோலார் ஆலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்துவைத்தார். ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்கு சோலார் செல்களும் பேனல்களும் செய்யக்கூடிய ஆலை அது. உற்பத்திப் பிரிவில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே நாட்களில் விக்ரம் சோலார் ஆலைக்கும் அங்கேயே அடிக்கல் நாட்டப்பட்டது. தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளும் முன்பிருந்தே இருக்கின்றன. பேட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் அரசு ஐ.டி.ஐ.கள் நடக்கின்றன. வேலையும் இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்னும்போது, இந்த இரண்டையும் சேர்த்துவைக்க உள்ளூர்த் தொழில் நிறுவனங்கள் செய்யவேண்டியது என்ன? என் பதில் ஒன்றுதான். நன்கொடை கொடுத்தது போதும், பயிற்சிக்கு இடம் கொடுங்கள்.

தொழிலும் தொழிற்கல்வியும் தாமிரபரணிக் கரையில் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருந்ததில்லை. தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி, 1878-லேயே நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் என்ற மிஷனரி தொழிற்பள்ளி தொடங்கினார். தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்தபின் சங்கர்நகரில் பள்ளியும் பாலிடெக்னிக்கும் வளர்ந்தன. ஆனால் இன்று ‘கூட்டு’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி சி.எஸ்.ஆர். நிதியில் வாங்கிய பெஞ்சும் கம்ப்யூட்டரும், அவற்றைக் கொடுக்கும்போது எடுக்கும் ஒரு குரூப் போட்டோவும்தான். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசு ஐ.டி.ஐ. மாணவருக்குக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் அரசே கொடுக்கிறது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தும் திட்டத்தால் ரோபோவும் சி.என்.சி. மெஷினும் வகுப்பறைப் பக்கம் வந்துவிட்டன. ஓடுகிற ஆலைக்குள் நின்று வேலை பழகும் வாய்ப்பை மட்டும் அரசால் வாங்கிக் கொடுக்க முடியாது.

அந்த வாய்ப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சோலார் ஆலையில் மெல்லிய சிலிக்கான் செல்களைத் தாமிரப் பட்டைகளால் வரிசையாகப் பற்றவைக்கும் மெஷின் ஒன்று உண்டு. பற்றவைத்த வரிசைக்கு மின்சாரம் செலுத்திப் படம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு பற்றவைக்கும் சூடு கூடியதால் வந்ததா, செல்லைத் தூக்கும் கை அழுத்தியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்பவர்தான் டெக்னீஷியன். பல வாரம் அந்த மெஷின் பக்கத்தில், தெரிந்த ஒருவரோடு நின்றால்தான் இது கைவரும். பெரிய ஆலைக்கு மட்டும் பொருந்துவதும் அல்ல இது. அம்பாசமுத்திரம் ரைஸ் மில் ஒன்றிலிருந்து எரிந்துபோன மோட்டார் காயில் கட்டும் கடைக்கு வருகிறது என்று வையுங்கள். எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்த்து, லோடு கூடியதா, ஒரு பேஸ் போனதா, பேரிங் இறுகியதா என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். ஐ.டி.ஐ. பையனும் காயில் கட்டக் கற்கிறான்தான். ஆனால் பயிற்சிக்கென்று வைத்த மோட்டாரைத்தான் திரும்பத் திரும்பக் கழற்றிக் கட்டுகிறான். அது ஏன் எரிந்தது என்ற கேள்வி அவன் முன்னால் வருவதே இல்லை.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 1961-இன் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும். உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. படிப்பின் ஒரு பகுதியை ஆலையிலேயே நடத்தும் இரட்டைப் பயிற்சி முறை 2016-லிருந்து இருக்கிறது. 2007-இல் வந்த திட்டம் அதில் சேர்ந்த ஒவ்வொரு அரசு ஐ.டி.ஐ.க்கும் இரண்டரைக் கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, நிர்வாகக் குழுத் தலைமையைத் தொழில் நிறுவனத்தாரிடமே ஒப்படைத்தது. இப்போது 60,000 கோடி ரூபாயில் பி.எம். சேது வந்திருக்கிறது, 1,000 அரசு ஐ.டி.ஐ.களுக்கான அந்தத் திட்டத்தில் 10,000 கோடி தொழில்துறையின் பங்கு. பணமும் குழுக்களும் எத்தனை வந்தாலும், ஆலைக்குள் மாணவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு ஃபோர்மேன் இல்லையென்றால் பயிற்சி நடக்காது என்பதே என் கவலை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது, பயிற்சி என்ற பெயரில் மலிவுக் கூலிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்பது. இந்தப் பயம் நியாயமானது. பெட்டி கட்டவும் லோடு ஏற்றவும் பழகுநரை நிறுத்தினால் அது சுரண்டல்தான். அதைத் தடுக்கும் வழியை ஜெர்மனி காட்டுகிறது. அங்கே பயிற்சி கொடுப்பது நிறுவனம். தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பது தொழில் வர்த்தக சபை. பழகுநர் ஒவ்வொரு வாரமும் என்ன கற்றார் என்ற குறிப்பேடு இல்லாமல் தேர்வுக்கே உட்கார முடியாது. இங்கும் அந்தக் குறிப்பேட்டை ஐ.டி.ஐ. ஆசிரியர் மாதம் ஒருமுறை ஆலைக்கே வந்து பார்க்கட்டும். அதற்குச் சம்மதிக்காத நிறுவனத்துக்கு மாணவர்களை அனுப்பவேண்டாம்.

‘நாங்கள் பழக்கிவிட்டால் பையன் கோயம்புத்தூருக்கோ துபாய்க்கோ போய்விடுவான்’ என்பது முதலாளிகள் சொல்வது. போவான்தான்; போகும் உரிமை அவனுக்கு உண்டு. ஒரே ஒரு நிறுவனம் பழக்கி, மற்றவர்கள் ஆளை இழுத்துக்கொண்டால்தான் அது நஷ்டம். எல்லோரும் பழக்கினால் போகிறவர்கள் போக, ஊரில் தங்குகிறவர்களும் வேலை தெரிந்தவர்களாக இருப்பார்கள். சிறு பட்டறைக்காரர் தன்னால் முடியாது என்பார். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பினால் எடுக்கலாம். பேட்டைத் தொழிற்பேட்டையில் ஐந்தாறு பட்டறைகள் சேர்ந்து ஒரு பேட்சை எடுத்து, லேத் ஓரிடம், வெல்டிங் ஓரிடம் என்று மாற்றி மாற்றி அனுப்பினால் எந்த ஒருவர் தலையிலும் பாரம் விழாது.

இப்படிப் பலர் சேர்வதில் மாணவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. தாழையூத்து ஆலையை நடத்திய இந்தியா சிமெண்ட்ஸே 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்கு மாறியது. முதலாளி மாறலாம், ஆர்டர் குறையலாம். ஒரு கம்பெனியின் ஒரு மெஷினுக்காக மட்டும் பழக்கப்பட்ட பிள்ளை அன்றைக்குத் தெருவில் நிற்கக்கூடாது. அதனால், பைல் பிடித்து, வெர்னியர் வைத்து அளந்து பழகும் அடிப்படைப் பாடத்தை ஒரு மணி நேரம்கூடக் குறைக்கச் சொல்லும் உரிமை எந்தப் பங்காளி நிறுவனத்துக்கும் கிடையாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கங்கைகொண்டானில் உற்பத்திப் பிரிவில் பெரும்பாலோர் பெண்கள் என்பது பெரிய மாற்றம். அவர்கள் ஆபரேட்டராகவே நின்றுவிடாமல் பராமரிப்புப் பிரிவுக்கும் சூப்பர்வைசர் வேலைக்கும் போக, எலக்ட்ரீசியன், பிட்டர் பிரிவுகளில் அவர்கள் சேரவேண்டும். பழகுநர் இடத்தில் அவர்களுக்கென்று ஒரு பங்கு வேண்டும். ஷிப்ட் முடியும் நேரத்துக்கு முக்கூடலுக்கும் வீரவநல்லூருக்கும் திரும்பும் பஸ்ஸும் வேண்டும். மாவட்டத்தில் 30 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்கள் எவை, சட்டப்படி ஒவ்வொன்றும் எத்தனை பழகுநரை எடுக்கவேண்டும், எத்தனை பேரை எடுத்திருக்கிறது, அதில் பெண்கள் எத்தனை பேர் என்ற பட்டியலை, ஐ.டி.ஐ. சேர்க்கை தொடங்கும் முன் ஆட்சியர் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடட்டும். எந்தப் பிரிவில் சேர்ந்தால் எந்த ஆலையில் இடம் கிடைக்கும் என்பது, பிள்ளையைச் சேர்க்க வரும் தாய் தகப்பனுக்கு விண்ணப்பம் வாங்கும்போதே தெரிந்துவிடும்.