ஆறு மாதக் கணக்கு

1821-இல் பென்சில்வேனியா நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினத் தாய், தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் விடுதலை கேட்டார். வெளிமாநில எஜமானர் அழைத்துவரும் அடிமை ஆறு மாதம் அங்கே தங்கிவிட்டால் விடுதலை என்பது அம்மாநிலச் சட்டம். சாரிட்டியோ பக்கத்து மேரிலாந்திலிருந்து வருவதும் போவதுமாக இருந்தவர். நாள்களைக் கூட்டினால் ஆறு மாதம் தேறும்.

கூட்டக் கூடாது, தொடர்ச்சியாகத் தங்கியிருக்க வேண்டும் என்று எஜமானர் தரப்பில் ஒரு வழக்கறிஞர் வாதாடி வென்றார். முப்பது வயதுகூட ஆகாத தாடியஸ் ஸ்டீவன்ஸ்தான் அவர். தாயும் பிள்ளைகளும் மீண்டும் அடிமைகளானார்கள்.

ஸ்பீல்பர்க்கின் 'லிங்கன்' படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். டாமி லீ ஜோன்ஸ் நடித்த அந்தக் கடுகடுப்பான கிழவர், அடிமை முறையின் பரம வைரி! இரண்டும் ஒரே ஆள்தான்.

வெர்மான்ட்டில் வளைந்த பாதத்தோடு பிறந்தவர். தகப்பன் குடும்பத்தைக் கைவிட, தாய்தான் பாடுபட்டுப் படிக்க வைத்தார். அந்த ஒரு வழக்கு அவரை உலுக்கிவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. ஆனால், இரண்டே ஆண்டுகளில், 1823 சுதந்திர தின விருந்தில், அடிமைக்கு விலங்கு பூட்டாத ஒருவரே அடுத்த அதிபராக வேண்டும் என்று வாழ்த்துக் கூறியவர் அவர்தான். தப்பியோடி வந்த அடிமைகளுக்காகப் பின்னர் வாதாடினார். கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறித்த மாநில அரசியல் சாசனத்தில் கையெழுத்திட மறுத்தார்.

1849-இல் காங்கிரஸ் உறுப்பினரானார். உள்நாட்டுப் போருக்குப் பணம் திரட்டும் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1863-இல் தென்மாநிலப் படை அவருடைய இரும்பாலையைத் தேடிப்போய்க் கொளுத்தியது. அவர் மசியவில்லை. சட்டத்தின் முன் எவருக்கும் சமப் பாதுகாப்பு உண்டு என்ற பதினான்காம் திருத்தத்துக்காக முன்னின்று போராடினார். அவர் விரும்பிய அளவுக்கு அது வலுவாக இல்லை. கிடைத்ததை விடக் கூடாதென்று ஆதரித்தார். 1868 ஜூலையில் அது சட்டமானது. ஆகஸ்டு 11-ஆம் தேதி கண்ணை மூடினார்.

லான்காஸ்டர் நகரத்துப் பெரிய இடுகாடுகளில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். எல்லா இனத்தவரையும் ஏற்றுக்கொண்ட ஒரு சின்ன இடுகாட்டைத் தமக்கென்று அவர் முன்பே தேர்ந்திருந்தார். ஏன் இங்கே கிடக்கிறேன் என்ற காரணத்தையும் கல்லறைக் கல்லில் பொறிக்கச் செய்தார். இப்போதும் அங்கே போய் அதைப் படிக்கலாம்.